மூன்று இருதயக்காரனும் ஒரு பிளாஸ்ரிக் கதிரையும்

போன சனிக்கிழமை நகரின் வடக்கு விளிம்பில், கிரெய்கிபர்னில் ஒரு பிறந்தநாள். பிள்ளைக்கு ஒரு வயது, விருந்தாளிகள் இருநூறு பேர். நகரின் மறுகோடியில் இருக்கும் ரோவிலிலிருந்து அவ்வளவு தூரம் காரோட்டிப் போய், பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேரே சாப்பாட்டு மேசைக்குப் போகிற ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ரோல்ஸ், பற்றிஸ், வடை எல்லாம் வழக்கம்போல அணிவகுத்திருந்தன. நடுவில் யாரோ புதுமை செய்திருந்தார்கள். சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு அரைத்து ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். பார்த்தால் எங்கள் சம்பல் மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் உறைக்காது. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏமாந்த முகத்தோடு நகர்ந்தார்கள். எனக்கு அந்தச் சுட்ட மணம் மூக்கில் ஏறியதும் மிலான் ஞாபகம் வந்துவிட்டது.

மிலான் ஒரு சேர்பியர். டண்டினோங்கில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் நான் மாணவர் விசாவோடு பகுதிநேரம் வேலை செய்த காலத்தில், எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். தினமும் பாணில் அந்த உறைக்காத சம்பலைத் தடவிச் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்ததும் கதை சொல்வார். அவருடைய நாட்டில் அந்தக் கதைகளை ஒற்றைத் தந்தி வாத்தியம் ஒன்றை இழுத்துக்கொண்டு பாடுவார்களாம். நல்லகாலம், அதை அவர் வேலைக்குக் கொண்டுவரவில்லை. பஞ்சும் பசையும் மணக்கிற அந்தச் சாப்பாட்டறையில் அவருடைய குரலே போதுமாயிருந்தது.

அவருக்குப் பிடித்த கதை ஒரு வில்லனுடையது. வில்லனின் பெயரை நான் எப்படிச் சொன்னாலும் அவர் திருத்துவார், ஆகவே இங்கே அதை விட்டுவிடுகிறேன். அவன் ஒன்பது வருடம் சுல்தானுக்கு ஊழியம் செய்தானாம். குதிரை கிடைக்கவில்லை, வாள் கிடைக்கவில்லை, புதுச் சட்டையை விடுங்கள், ஒரு பழைய சட்டைகூடக் கிடைக்கவில்லை. வெறுத்துப்போய்க் கடற்கரையில் கோபுரம் கட்டி, பாதையை மறித்துக்கொண்டு கொள்ளைக்காரன் ஆகிவிட்டான். சுல்தான் சும்மா இருப்பானா? சிறையில் கிடந்த ஒரு வீரனை வெளியே எடுத்து, தின்னக் கொடுத்து, அனுப்பினான். நேருக்கு நேர் மோதியபோது வீரனால் முடியவில்லை. கொள்ளைக்காரன் அவனைக் கீழே போட்டு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அந்தக் கணம் வானத்தில் ஏதோ குரல் கேட்க, கொள்ளைக்காரன் நிமிர்ந்து மேலே பார்த்தான். கீழே கிடந்தவன் ஒளித்து வைத்திருந்த கத்தியை எடுத்துக் கிழித்துவிட்டான். கிழித்துப் பார்த்தால் உள்ளே மூன்று இருதயம், மூன்றாவதின் மேல் ஒரு பாம்பு நித்திரை.

"அப்படி ஒரு ஆள் மெய்யாய் இருந்தவனோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

மிலானின் ஆங்கிலத்தை என் தமிழில்தான் தர முடியும். "சிலர் சொல்லுவினம் அவன் ஒரு சுல்தானின்ரை மகன் எண்டு. சிலர் சொல்லுவினம் அல்பேனியாப் பக்கத்துக் கலகக்காரன் எண்டு. படிச்சவை சொல்லுவினம் ரெண்டு மூண்டு பேரைச் சேர்த்துக் குழைச்ச ஆள் எண்டு. அதுதானாக்கும் மூண்டு இருதயம்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

இந்தக் கதையை நான் தவம் அண்ணைக்குத் தமிழில் சொல்லுவேன். தவம் அண்ணை படகில் வந்தவர், தற்காலிக விசா. கூலிக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சி மூலம் ஏழு வருடமாக அதே தொழிற்சாலையில் மெத்தை தூக்கினார். நிரந்தர வேலைக்காரருக்குக் கம்பனி ஒரு நீல ஜக்கெற் கொடுக்கும், நெஞ்சில் கம்பனிப் பெயர் தைத்திருக்கும். ஏஜென்சி ஆட்களுக்கு அது கிடையாது. குளிர் இரு சாராருக்கும் ஒன்றுதான் என்பது மனேஜருக்குத் தெரியாது போலும். தவம் அண்ணைக்குக் குளிர்கூடப் பெரிய பிரச்சினை இல்லை. ஊரிலிருக்கும் மகளுக்குத் தான் நிரந்தரமாகிவிட்டதாகச் சொல்லிவைத்திருந்தார். அவள் ஜக்கெற்றோடு ஒரு படம் கேட்டுக்கொண்டிருந்தாள். கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான்:

"ஒன்பது வருசமோ? எனக்கு இன்னும் ரெண்டு கிடக்கு."

ஆனால் இரண்டு வருடம் அவர் காத்திருக்கவில்லை. குளிர் உச்சத்தில் நின்ற ஒரு யூலை மாதக் காலையில் நேற்று வந்த ஒருவனுக்கு ஜக்கெற் கொடுத்ததைப் பார்த்தார். நேரே சாப்பாட்டறைக்குப் போய் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, லொறிகள் வெளியேறும் கேற்றுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் ஒரு ரீக் கோப்பை, வேறு ஆயுதம் எதுவும் இல்லை. உள்ளே நாலு லொறி நின்று ஹோர்ன் அடித்தது. அவர் ரீயை ஊதி ஊதிக் குடித்தார்.

மனேஜர் என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஆங்கிலம் வரும், தமிழும் வரும், அந்தக் கிழமைதான் நிரந்தர வேலைக்கு விண்ணப்பமும் போட்டிருந்தேன். "ஜக்கெற் தயார் என்று சொல், அவரை எழுப்பு" என்றார். யாருக்குத் தயார் என்று நான் கேட்கவில்லை. கேட்க மறக்கவில்லை, கேட்காமல் விட்டேன்.

"அண்ணை, எழும்புங்கோ. உள்ளை போய்க் கதைப்பம்."

"ஜக்கெற் தருவினமோ?"

"அங்கை பாருங்கோ," என்று மேல்மாடி ஜன்னலைக் காட்டினேன். மனேஜர் ஒரு நீல ஜக்கெற்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். தவம் அண்ணை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. எழுந்தார், தலைமயிரைக் கோதினார், தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "போட்டோ ஒண்டு எடும் தம்பி, மகளுக்கு." அவர் இரண்டடி வைப்பதற்குள் யாரோ கதிரையை இழுத்து எறிந்தார்கள். லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அன்று பின்னேரமே ஏஜென்சியிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது, இனி வர வேண்டாம் என்று. ஜக்கெற் அடுத்த கிழமை எனக்கு வந்தது. தோள் எனக்குப் பெரிது, ஆனாலும் போட்டேன்.

போட்டுக்கொண்டு சாப்பாட்டறைக்குள் நுழைந்தபோது மிலான் பாணை மென்றபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கதையின்ரை கடைசியை உனக்குச் சொல்லேல்லை. பாம்பைக் கண்ட பிறகு அந்த வீரன் குந்தியிருந்து அழுதவன். என்னைவிட நல்லவனைக் கொன்றுபோட்டன் எண்டு அழுதவன்." அதன் பிறகு அவர் எனக்குக் கதை சொல்லவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் குளிரவில்லை.

எங்கள் ஆட்கள் தவம் அண்ணையைச் சும்மா விடவில்லை. கோயில் மடப்பள்ளி வாசலிலும் கலியாண வீடுகளிலும் கதை வளர்ந்தது. ஒருவர் அவர் கையில் தடி கொடுத்தார், அடுத்தவர் அதை இரும்பாக்கினார். கிரெய்கிபர்னில் நான் அந்தச் சிவப்புக் கிண்ணத்துக்கு முன்னால் நின்றபோது, கோட் போட்ட ஓர் அங்கிள் அதே கதையைத்தான் மேசையைச் சுற்றி நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"குடிச்சுப்போட்டு இரும்பு அலவாங்கோடை வந்தவன். மூண்டு லொறிக் கண்ணாடி உடைச்சவன். அவனாலை எங்கடை சனத்தின்ரை விசா எல்லாம் போகப் பாத்தது. ஆரோ ஒரு படிச்ச பெடியன்தான் துணிஞ்சு போய்ப் பிடிச்சவனாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தாறு வருடத்துக்குள் இவ்வளவு என்றால், ஐந்நூறு வருடத்தில் தவம் அண்ணைக்கும் மூன்று இருதயம் முளைத்துவிடும். பாம்பும் எங்கிருந்தாவது வந்து படுத்துவிடும். படித்தவர்கள் அவருடைய மூலத்தைத் தேடி மாநாடு வைப்பார்கள், ரோல்ஸ் பற்றிஸோடு.

அவர்களுக்குக் கிடைக்க எதுவும் இருக்காது. தொழிற்சாலையை இடித்து, வீட்டில் இடமில்லாதவர்கள் சாமான் பூட்டி வைக்கிற கொட்டகைகள் கட்டிவிட்டார்கள். கேற் இருந்த இடத்தில் இப்போது கார்த் தரிப்பிடம். மிலான் முந்தின குளிர்காலத்தில் கண்ணை மூடிவிட்டார். தவம் அண்ணை சிட்னிக்கு, மெரிலேண்ட்ஸ் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அவருடைய நம்பர் இப்போது பாவனையில் இல்லை. அந்த மகளுக்குப் படம் ஏதும் போயிருக்காது. கையில் ரீக் கோப்பை மட்டும்தான் இருந்தது என்பதற்கு எங்கள் ஆட்களுக்குள் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி நான்.

அங்கிள் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீரும் அந்தப் பக்கம் வேலை செய்தனீர்தானே? இந்தக் கதை தெரியுமோ?"

"ஓம் அங்கிள், கேள்விப்பட்டனான்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு ரோல்ஸை எடுத்தேன்.