கலிங்கடியில் இரண்டு பாதை

மற்ற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்கடைக்குப் போவார்கள். எங்கள் வீட்டில் செம்மண் அலசுவோம். அலசுவோம் என்ன, நான்தான் அலசுவேன். என் கணவர் வெயில் ஏறுவதற்குள் கிளம்பிப் போய், ஏதாவதொரு வறண்ட கண்மாயில் பைக்கோடு உருண்டு புரண்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வருவார். அவர் சட்டையை வாளியில் முக்கினால் தண்ணீர் மூன்று தடவை நிறம் மாறும். இந்த மனிதரைக் கட்டிக்கொள்ளும்போது எனக்குச் சொல்லப்பட்டது, "மாப்பிள்ளைக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை" என்பதுதான்.

அவர் கப்பலூரில் ஒரு சின்ன ஃபேக்டரியில் சூப்பர்வைசர். நான் பசுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவருடைய குடும்பம் மதுரைக்கு மேற்கே காலங்காலமாக விவசாயம் பார்த்த குடும்பம். மண்ணைப் பார்த்தாலே எங்கே சக்கரம் புதையும், எங்கே வழுக்கும் என்று அவருக்குத் தெரியும். கரிசல் வெடித்திருந்தால் எப்படிப் போக வேண்டும், வரப்பில் ஏறும்போது எப்போது உடம்பைப் பின்னால் தள்ள வேண்டும் என்றெல்லாம் சாப்பிடும்போது எனக்கு வகுப்பு எடுப்பார். நான் ரசம் ஊற்றிக்கொண்டே "ம்" கொட்டுவேன். காதில் வாங்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் எல்லாம் மண்டையில் ஏறியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர்கள் ஓட்டுவது ரோடே இல்லாத ரேஸ். கண்மாய்க் கரை, காய்ந்த ஓடை, சீமைக்கருவேலங்காடு, உழுது போட்ட நிலம் என்று பல மைல் சுற்றிவர வேண்டும். கரையில் ஊர்க்காரர்கள் குடை பிடித்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். பரிசு என்று கிடைப்பது ஒரு கோப்பை. அதைத் துடைத்து வைப்பதும் நான்தான்.

அந்த ரேஸில் ஒரு வழக்கம் உண்டு. விழுந்தவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் "நான் நல்லா இருக்கேன், நீ போ" என்று அர்த்தம். பின்னால் வருகிறவர்கள் நிற்காமல் போய்விடலாம். விரல் உயரவில்லை என்றால் மட்டும்தான் விசில், சிவப்புக் கொடி எல்லாம். தூசிக்குள் நின்று விசாரித்துக்கொண்டிருந்தால் பின்னால் வருகிறவன் மேலேயே ஏற்றிவிடுவான் என்பதால் ஏற்பட்ட வழக்கம். காரணம் சரிதான். என்ன, தூக்குகிற ஆளுடைய புத்தி அந்த நேரம் அவரிடம் இருக்கிறதா என்று அந்த விரல் சொல்லாது.

போன வருடம் ஒரு கரையில் ஏறி மறுபக்கம் இறங்கும்போது அவர் தூக்கி எறியப்பட்டார். ஹெல்மெட் ஒரு பாறையில் மோதி விரிசல் விட்டுவிட்டது. கிடந்த இடத்திலிருந்தே விரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். ஒவ்வொருவராக அதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெகு நேரம் கழித்து ஒருவர் நின்று "எந்திரிங்கண்ணே" என்று கைகொடுத்தபோது, "நீங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார். கேட்கப்பட்டவர் அவரோடு பத்தாம் வகுப்பு படித்த நண்பர்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கசிவு இல்லை என்றார்கள். ஆனாலும் சில வாரம் கழித்து வந்து திரும்பவும் காட்ட வேண்டும், இன்னொரு தடவை தலையில் அடிபட்டால் ஆபத்து, அதுவரை ரேஸ் வண்டி கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். சில வாரம் போனது. சில மாதமும் போனது. போவோம் என்றால், "எனக்கென்ன, ஒண்ணுமில்ல" என்பார். அந்த ஒண்ணுமில்லவை என்னால் முழுசாக நம்ப முடியவில்லை.

ஏனென்றால் ஒன்று இருந்தது. கேஸ் அடுப்பை அணைக்க மறப்பது யாருக்கும் நடப்பதுதான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவர் திரும்பி வந்து "பசிக்குது, தட்டு வைக்கலையா?" என்று கேட்பது யாருக்கும் நடப்பதில்லை. நான் முகத்தைப் பார்த்ததும், "சும்மா கேலிக்குக் கேட்டேன்டி" என்று சிரிப்பார். ஸ்கூட்டரில் என்னோடு போகும்போது, திருப்பரங்குன்றம் தாண்டி வழக்கமாகத் திரும்புகிற இடத்தில் திரும்பாமல் போவார். சொன்னால், "இங்கிட்டும் போகலாம்" என்பார். எதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தார். அத்தனை பதில் தயாராக வைத்திருப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சில சமயம், நான்தான் இல்லாததைத் தேடித் தேடிப் பார்க்கிறேனோ என்றும் தோன்றும். அவருடைய அம்மா அப்படித்தான் சொன்னார். "நீ தொணதொணன்னு கேட்டா நல்லா இருக்கவனுக்கும் மறந்துரும்" என்றார்.

இந்த வருடம் ஆடியில் ரேஸ் என்றதும் அவர் பைக்கை இறக்கித் துடைக்க ஆரம்பித்தார். வீட்டில் பெரிய சண்டை. நான் பாத்திரம் எறிகிற ஜாதி இல்லை. ஆனால் அன்றைக்கு ஒரு டம்ளர் பறந்தது. ரேஸை நடத்துகிற அண்ணன் வந்து பஞ்சாயத்து பண்ணினார். அவருக்கு நான் தங்கச்சி.

"இங்க பாருத்தா, இந்த வாட்டி மாப்ள ரேஸ் ஓட்ட வேணாம். ஸ்வீப் ஓட்டட்டும். மெதுவாத்தான் போகணும். நல்லபடியா முடிச்சுட்டாருன்னா அடுத்ததுக்கு பைக்க எடுக்கட்டும். என்ன சொல்ற?"

ஸ்வீப் என்பது எல்லாருக்கும் கடைசியாக வரும் வண்டி. ஏடிவி என்கிற நாலு சக்கர பைக்கில் ஒருவர் தடம் முழுவதும் சுற்றி, விழுந்து கிடப்பவர்கள், வண்டி நின்றுபோனவர்கள் எல்லாரையும் பொறுக்கிக்கொண்டு வருவார். ரேஸ் முடிகிற இடத்துப் பந்தலுக்கு ஸ்வீப் வந்துவிட்டால் காட்டுக்குள் யாரும் இல்லை என்று அர்த்தம். அதோடு எல்லாரும் மூட்டை கட்டிவிடுவார்கள்.

அந்த வேலையை எப்போதும் தடம் போட்டவருக்குத்தான் கொடுப்பார்கள். ரேஸுக்கு முதல் நாள் சுண்ணாம்புப் பொடியால் தரையில் அம்புக்குறி போட்டு வழி காட்டியிருப்பார்கள். அத்தனை வண்டியும் மிதித்து, ஆடிக் காற்றும் அடித்தால், கடைசி வண்டி வரும்போது ஒரு குறிகூட மிஞ்சாது. அப்போது தடம் இருப்பது போட்டவருடைய தலைக்குள் மட்டும்தான். வருடா வருடம் தடம் போடுவது என் கணவர். இந்த வருடமும் முதல் நாள் முழுக்கப் பொடி மூட்டையோடு அலைந்து போட்டுவிட்டு, தலையெல்லாம் வெள்ளையாக வந்து சேர்ந்தார்.

நான் சரி என்றேன். ஒரு நிபந்தனை போட்டேன். நானும் வருவேன், தடத்தில் ஒரு இடத்தில் நிற்பேன் என்றேன். மனசுக்குள் எனக்கு ஒரே கணக்குதான். இன்றைக்கு அவர் ஒழுங்காக முடித்துவிட்டால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அவர் பைக்கில் ஏறுவார். தடுமாறினால் அவர் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். எது நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

இடம், அழகர்கோவில் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போனால் வருகிற ஒரு பெரிய கண்மாய். எனக்குக் கொடுத்த இடம் கலிங்கடி. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கல்லால் கட்டியிருப்பார்களே, அந்தக் கலிங்குக்குக் கீழே. அந்த இடத்தில் தடம் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் இறங்கினால் கண்மாய்க்குள் கருவேலங்காட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி கலிங்கடிக்கே வந்து சேரும். அப்புறம் வலது பக்கம் ஏறிப் பந்தலுக்குப் போய்விட வேண்டும். ஆக, ஒவ்வொருவரையும் நான் இரண்டு தடவை பார்ப்பேன், உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை. கணக்கு டீச்சருக்கு ஏற்ற வேலை என்று அண்ணன் கிண்டல் செய்தார்.

வண்டிகள் வந்தன, போயின. என் கண், மூக்கு, பல் எல்லாம் மண். பொழுது உச்சிக்கு வந்தபோது காடு அடங்கிவிட்டது. ஒருவர் மட்டும் உள்ளே போனவர் வெளியே வரவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன், மஞ்சள் ஹெல்மெட். வாக்கி டாக்கியில் சொன்னேன். "ஸ்வீப் வந்துக்கிட்டு இருக்கு தங்கச்சி, மாப்ள பாத்துக்குவாரு" என்றார் அண்ணன்.

மாப்பிள்ளை வந்தார். ஏடிவியை மெதுவாக, அழகாக ஓட்டிக்கொண்டு வந்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். கலிங்கடியில் வண்டி நின்றது. தரையில் ஒரு குறியும் இல்லை. இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். திரும்பவும் இடது பக்கம் பார்த்தார்.

"உள்ள ஒருத்தர் நிக்கிறாருங்க. மஞ்சள் ஹெல்மெட்டு!" என்று கத்தினேன். தடம் தெரிந்தவருக்கு அது போதும். கண்மாய்க்குள் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

அவர் என்னைப் பார்த்தார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வண்டியைத் திருப்பி வலது பக்கம் ஏறிப் பந்தலைப் பார்த்துப் போய்விட்டார்.

"ஏங்க! அங்கிட்டு இல்லங்க!" என்று பின்னாலேயே ஓடினேன். எஞ்சின் சத்தத்தில், ஹெல்மெட்டுக்குள், அவருக்கு எதுவும் கேட்கவில்லை. தூசிதான் எனக்கு மிஞ்சியது.

கையில் வாக்கி டாக்கி இருந்தது. அதில் பேசினால் தடத்தில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும். பந்தலில் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள், அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். அவர் வண்டியிலும் ஒன்று இருக்கிறது, ஹெல்மெட்டைக் கழற்றினால் அவருக்கும் கேட்கும். பேசாமல் நானே கண்மாய்க்குள் இறங்கிப் போய் அந்தப் பையனைத் தேடலாமா என்று நினைத்தேன். சரிவில் கொஞ்ச தூரம் இறங்கியும் விட்டேன். முள்ளும் வெயிலும் பல்லைக் காட்டின. காலை ஒடித்துக்கொண்டு கிடக்கிறானோ, மயங்கிக் கிடக்கிறானோ. ஸ்வீப் போய்ச் சேர்ந்ததும் அங்கே பந்தலைப் பிரித்துவிடுவார்கள். பெற்றவள் யாரோ ஒருத்தி அவனுக்காகச் சோறு வடித்து வைத்திருப்பாள்.

பொத்தானை அமுக்கினேன். "கலிங்கடியிலிருந்து பேசுறேன். ஸ்வீப் தப்பான பக்கம் திரும்பிட்டாரு. அவருக்குத் தடம் தெரியல. உள்ள ஒருத்தர் கிடக்காரு. வேற ஆள் அனுப்புங்க."

"அவருக்குத் தடம் தெரியல" என்று எப்படிச் சொன்னேன், தெரியவில்லை. சொல்லி முடித்ததும் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூரப் போட வேண்டும் போல இருந்தது. கட்டிய புருஷனை ஊரைக் கூட்டி வைத்து அம்மணமாக நிறுத்தியது போல உடம்பெல்லாம் கூசியது.

இரண்டு பைக் வந்தது. கண்மாய்க்குள் போய், பையனை ஒரு பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தார்கள். கணுக்கால் வீங்கிப்போய், தண்ணீர் தீர்ந்து, கருவேல மரத்தடியில் அரை மயக்கத்தில் கிடந்திருக்கிறான். என்னைக் கடந்தபோது ஓட்டியவர்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் போனதும் பந்தல் பக்கமிருந்து ஏடிவி வந்து என் பக்கத்தில் நின்றது. எஞ்சினை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் கேக்குற மாதிரித்தான் சொல்லணுமா?"

"ஆமா."

"அம்புட்டுப் பேரும் என்னையவே பாக்குறாய்ங்க."

"பாக்கட்டும்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. கோபமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

அவர் கலிங்கைப் பார்த்தார். இறங்கிப் போய்க் கல்லைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு அதிலேயே உட்கார்ந்தார். முதல் நாள் அவர் பொடி மூட்டையைச் சாய்த்து வைத்த இடம் அது, வெள்ளைப் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து பூராம் இங்கதான் கெடந்தேன்னு சொல்றாய்ங்க" என்றார். "எனக்கு இந்த இடமே இன்னைக்குத்தான் பாக்குற மாதிரி இருக்கு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல் வெயிலில் கொதித்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். ரொம்ப நாளாகவே ஃபேக்டரி வழியாகப் போகிற பஸ்ஸை வண்டியில் பின்தொடர்ந்துதான் வேலைக்குப் போகிறேன் என்றார். அந்த பஸ் தவறிவிட்டால் அடுத்தது வரும்வரை ரோட்டோரம் நிற்பாராம்.

"நாளைக்கு டாக்டர்ட்டப் போயிருவமா?" என்றார். "இப்பவே கூடப் போயிருவம். எனக்குப் பயமா இருக்கு."

ஒரு வருடமாக அந்த வார்த்தைக்காகத்தான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், டம்ளரை எறிந்தேன். கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. அவர் ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம் என்று நம்பிக்கொள்ள எனக்கும் ஓர் இடம் இருந்தது. அவர் அம்மா சொல்வதுபோல நான் ஒரு தொணதொணப்பு, அவ்வளவுதான் என்று இருந்துவிடலாம். இனிமேல் அதுவும் முடியாது.

"போவோம்ங்க" என்றேன்.

அவர் எழுந்து வந்து ஏடிவியில் எனக்கு முன் சீட்டை விட்டார். நான் ஏடிவி ஓட்டியதே இல்லை. எதை அமுக்க வேண்டும், எதைத் திருக வேண்டும் என்று பின்னால் உட்கார்ந்து நிதானமாக, ஒன்றுகூடப் பிசகாமல் சொல்லிக் கொடுத்தார்.