மத்தியான நேரத்து டாக்டரம்மா

டென்டல் லேபில் அவளுக்குப் பூனை என்று பெயர் வைத்தவர் முதலாளிதான். அவள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் மூலை மேஜையில் உட்கார்ந்து மெழுகில் பற்களை வரிசையாகப் பதித்துக்கொண்டிருப்பாள். கோபப்படும்படியான பெயர் இல்லை என்பதால் அவளும் அதற்கே 'என்ன சார்' என்று கேட்கப் பழகிவிட்டாள்.

கிளினிக்குகளிலிருந்து பிளாஸ்டர் அச்சுகள் அட்டைப்பெட்டியில் வரும். பல் செட்டைச் செய்து அதே பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு யார் சிரித்தார்கள், யாருக்கு ஈறு புண்ணாகிப்போனது, ஒன்றும் அவள் காதுக்கு வராது. வருஷக்கணக்கில் இப்படியே ஓடி அலுத்துப்போனபோதுதான் பல் மருத்துவமே படித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. கணினியில், அவரவர் கேட்ட தேதியில் எழுதும் அந்த நுழைவுத் தேர்வுக்கு வயது வரம்பு இல்லை என்று தெரிந்த அன்று அண்ணனிடம் சொன்னாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம், பாரு" என்றார்.

அண்ணன் வீட்டில் அவளை யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அண்ணி அவள் பங்குச் சாப்பாட்டை மறக்காமல் மூடி வைப்பாள். கூடத்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள் அவள் நுழைந்ததும் பேச்சை நிறுத்த மாட்டார்கள். ஆனால் அந்தப் பேச்சு அவள் பக்கம் திரும்பவும் திரும்பாது. குறை சொல்லவும் வழியில்லாத வீடு.

தினமும் விடிந்ததும் எழுந்து கணினியில் மாதிரித் தேர்வு எழுதிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. மறுபடியும் அறுபத்தொன்று. கல்லூரி வாசலை மிதிக்கக் குறைந்தது எழுபத்தைந்து வேண்டும். மதிப்பெண்ணோ ஆணி அடித்த மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது. போதாதோ என்று இன்னும் அதிகமாக எழுதினாள். ஒன்று முடிந்ததும் மதிப்பெண்ணைப் பார்ப்பாள், உடனே அடுத்ததைத் திறப்பாள்.

மாதிரித் தேர்வுத் தளத்தில் ஒருத்தி எழுதியிருந்தாள்: சேர்ந்து படிக்க ஆள் வேண்டும், மத்தியானம் மட்டும்தான் பேச முடியும். பூனை தன் எண்ணைக் கொடுத்தாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், லேபின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"ஹலோ, டாக்டர் இருக்காங்களா?"

"எந்த டாக்டர்?"

"நீங்கதான். நானும் டாக்டர்தான். ஆகுறதுக்கு முன்னாடியே கூப்பிட்டுப் பழகிக்கலாமேன்னு பார்த்தேன்."

பூனை வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களோ என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அந்தக் குரலுக்கு அவள் மனதில் டாக்டரம்மா என்று பெயர். வேறு பெயர் கேட்கத் தோன்றவில்லை. முதலில் இருவரும் மதிப்பெண்களைச் சொல்லி ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒருநாள் சண்டை வந்தது. வடிவங்கள் பற்றிய பகுதியில், கனசதுரங்களை அடுக்கிப் பெயின்ட் அடித்தால் எத்தனைக்கு இரண்டு பக்கம் நிறம் இருக்கும் என்று ஒரு கேள்வி. தன் விடைதான் சரி, தளத்தில் இருப்பதுதான் தப்பு என்று பூனை அடம்பிடித்தாள். அப்படியானால் எப்படி எண்ணினீர்கள் என்று முதலிலிருந்து சொல்லுங்கள் என்றாள் டாக்டரம்மா. பூனை கேள்வியை உரக்கப் படித்தாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க, டாக்டர்?"

"அடிப்பக்கத்துக்குப் பெயின்ட் கிடையாதுன்னு போட்டிருக்கான்."

"அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அந்த வரியப் படிக்கல."

அன்று சாயங்காலம் வரை அதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. புதுத் தேர்வுகளை மூட்டை கட்டிவிட்டு, இருவரும் பழைய தப்புகளைக் கிளற ஆரம்பித்தார்கள். தப்பு செய்தவள் அந்த விடையை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்பவள் ஏன், ஏன் என்று விடாமல் குடைய வேண்டும். பூனைக்கு நிஜமாகவே தெரியாதவை வேதியியலில் கொஞ்சம் இருந்தன, அதற்கு உட்கார்ந்து படிப்பதைத் தவிர வழியில்லை. மற்றதெல்லாம் அவசரத்தில் மேய்ந்துவிட்டுப் போனவை. 'பொருந்தாதது எது' என்பதைப் 'பொருந்துவது எது' என்று படித்தவை. முதலில் சரியாகப் போட்டுவிட்டுக் கடைசி நிமிஷத்தில் பயந்துபோய் மாற்றியவைதான் அவளை அதிகம் சுட்டன. கை துறுதுறுத்தால் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றாள் டாக்டரம்மா. பூனை அப்படியே செய்தாள்.

மதிப்பெண் அறுபத்தாறுக்கு வந்தது. அங்கேயே சண்டித்தனம் செய்தது. ஒரு வாரம் காய்ச்சலில் சரிந்து பழைய இடத்துக்கே போய், பிறகு எழுந்து எழுபத்தொன்று, எழுபத்து நான்கு என்று ஏறியது.

பேசிக்கொண்டிருக்கும்போது எதிர்முனையில் டம்ளரால் இரும்பைத் தட்டுவது போல ஒரு சத்தம் கேட்கும். "ஒரு நிமிஷம்" என்று டாக்டரம்மா போவாள். குழாய்த் தண்ணீர் ஓடும், கதவு முனகும், மறுபடி வருவாள். அந்த இடைவெளியில் பூனை அடுத்த கேள்வியைப் பார்த்துவைப்பாள். தட்டுவது யார் என்று கேட்டதில்லை. டாக்டரம்மாவின் தேர்வு என்றைக்கு என்று கேட்டபோதெல்லாம் அடுத்த மாதம் என்று பதில் வந்தது.

பூனையின் தேர்வு முடிந்தவுடன் மதிப்பெண் திரையிலேயே வந்தது. எழுபத்தெட்டு. பூனை தெருவுக்கு வந்து, நடைபாதை ஓரத்தில் நின்று டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். வீட்டுக்குச் சொல்லலாம் என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. டாக்டரம்மா மூக்கை உறிஞ்சியது கேட்டது. அடுத்தது உங்கள் முறை என்றாள் பூனை.

"நான் விண்ணப்பமே போடல, டாக்டர்."

"என்ன சொல்றீங்க?"

"அம்மா கீழ விழுந்து படுத்த படுக்கை ஆனப்பவே விட்டுட்டேன். நாம பேச ஆரம்பிச்சுக் கொஞ்ச நாள்லயே."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு நாள் எங்கூட உக்காந்தீங்க?"

"நாள் முழுக்க அம்மா தட்டுவாங்க, நான் ஓடுவேன். நீங்க ஒருத்தர்தான் எங்கிட்ட ஏன் அப்படி நினைக்கிறீங்கன்னு கேட்டீங்க. விஷயத்தைச் சொன்னா கூப்பிட மாட்டீங்களோன்னு பயம்."

கண்டிப்பாகக் கூப்பிடுவேன் என்றாள் பூனை. மறுநாள் மத்தியானம் கூப்பிடவும் செய்தாள். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாள், ஆயிற்று என்று பதில் வந்தது. அம்மா தூங்குகிறார்களா என்றாள், ஆமாம் என்று பதில் வந்தது. இத்தனை மாதம் மூச்சுவிடாமல் பேசியவர்களுக்குப் பேச்சு வரவில்லை.

"ஏதாவது கேளுங்களேன்" என்றாள் டாக்டரம்மா, கடைசியில்.

பூனை தட்டுத்தடுமாறி, அம்மாவை எப்படிப் புரட்டிப் படுக்கவைக்கிறீர்கள் என்று கேட்டாள். தனியாகத்தான், போர்வையை மடித்து அடியில் கொடுத்து இழுப்பேன் என்று டாக்டரம்மா நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். உங்கள் இடுப்பு வலிக்காதா என்றாள் பூனை. வலிக்கும் என்றாள்.

கல்லூரியில் இடம் வேறு ஊரில் கிடைத்தது. அண்ணன் ரயில் நிலையத்துக்கு வந்து பெட்டிகளை ஏற்றிவிட்டு, வண்டி கிளம்பும்வரை பிளாட்பாரத்தில் நின்று செய்தித்தாள் படித்தார். வகுப்பில் எல்லாம் பள்ளி முடித்த கையோடு வந்த பிள்ளைகள். அக்கா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள், உட்கார இடம் கொடுப்பார்கள், சினிமாவுக்குப் போகும்போது சொல்ல மாட்டார்கள்.

அடுத்த வருஷம் டாக்டரம்மாவின் அம்மா போய்ச் சேர்ந்தார். டாக்டரம்மா ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் பூராவும் நின்றே செய்கிற வேலை. அதன்பிறகு மத்தியானங்கள் அவளுடையவையாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை சீக்கிரம் மூடுவதால் அப்போது மட்டும் பேச்சு.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, விடுதி அறையில் தட்டில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பூனை அந்த வாரம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கால் வீங்கியிருக்கிறது, படுத்துக்கொண்டே கேட்கிறேன் என்றிருந்தாள் டாக்டரம்மா. கொஞ்ச நேரத்தில் 'ம்' வருவது நின்றுபோனது. பூனை இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு போனை வைக்க மனமில்லாமல், அந்த மூச்சு ஏறி இறங்குவதைக் கேட்டபடியே சாப்பிட்டு முடித்தாள்.