ஏலத்துக்கு வந்த கோல்சர்

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு சலவைக் கடையின் பின்னறையில் இருந்து சிவனேஸ்வரி காற்சட்டைகளுக்குக் கரை மடித்துத் தைக்கிறாள். வன்னியில் இருந்த காலத்தில் அவள் தைத்தது கோல்சர். துவக்கின் ரவைக்கூடுகளைச் செருகி நெஞ்சில் கட்டுகிற பச்சைத் துணிப் பட்டி அது. அவற்றில் ஒன்றைத் தம்பி தவநேசனுக்கென்றே தைத்தாள். அதைக் கட்டிக்கொண்டு போனவன் யுத்தம் முடிந்த வருஷத்தில் காணாமல் போனான்.

வீட்டில் அவனுடைய படம் மாட்டியிருக்கிறது. மாலை இல்லை, விளக்கும் இல்லை. செத்துப்போனான் என்று ஒருவரும் சொல்லவில்லையே. விளக்கு வைத்தால் தன் கையாலேயே அவனைக் கொன்றமாதிரி ஆகிவிடும் என்று இருந்தாள்.

அவளுடைய புருசன் சபாரத்தினத்துக்கு இணைய ஏலங்களில் பழைய ரேடியோ பார்ப்பது பொழுதுபோக்கு. போன மாரியில் ஒருநாள் கோல்சர் ஒன்று அவர் கண்ணில் பட்டது. இலங்கைப் போர்க்களத்தில் எடுத்ததாம். பழைய துவக்கு உறையும் தோள்வாரும் முப்பது பவுணுக்குப் போகிற பக்கத்தில் இதற்கு மட்டும் ஆயிரத்து எண்ணூறு.

இந்த விலையே கள்ளம் என்றாள் மகள் விதுஷா. சும்மா ஒரு துணிக்கு இவ்வளவு கேட்கிறான் என்றால் அவனிடம் ஏதோ உண்மை இருக்க வேண்டும் என்றார் சபாரத்தினம். சிவனேஸ்வரி போனை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பைகளின் வெட்டு அவள் வெட்டினது போலவே இருந்தது. தம்பியுடையதுதான் என்று தெரிந்தால் திவசம் செய்துவிடுவது என்று முடிவெடுத்தாள்.

உள்ளே ஏதும் அடையாளம் உண்டா என்று விதுஷாவைக் கொண்டு எழுதிக் கேட்டாள். என்ன அடையாளம் என்று விற்கிறவன் திருப்பிக் கேட்டான். இடப் பக்கப் பையின் உள்ளே சிவப்பு நூலால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி என்று எழுதச் சொன்னாள்.

சில நாளில் படம் வந்தது. சிவப்பு நூல், புள்ளடி, எல்லாம் இருந்தன. விலையும் ஏறியிருந்தது.

சபாரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ஈசு, எங்கட பெடியன்ர தான். சீட்டுக் காசை எடுக்கிறன். ஐயரோட கதைக்கட்டே?"

அவள் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"சிவப்பில்லையப்பா. நான் தைச்சது கறுப்பு நூல்."

இந்த நாட்டில் வந்திறங்கி அகதி விசாரணையில் இருந்த நாள் தொடக்கம் தம்பியைப் பற்றிக் கேட்ட எந்த அந்நியனுக்கும் அவள் நேர்ப்பதில் சொன்னதில்லை. பெயரை மாற்றுவாள், ஊரை மாற்றுவாள். கேட்கிறவன் ஆர், எங்கே கொண்டுபோய்க் கொடுப்பான் என்ற பயம். விற்கிறவன் கேட்டபோதும் வாய் தன்பாட்டில் சிவப்பென்று சொல்லிவிட்டது. சொன்னதை அவன் ஊசி எடுத்துத் தைத்திருக்கிறான்.

விதுஷாவுக்குச் சந்தோசம். "சூப்பர் அம்மா, ஆளைப் பிடிச்சிட்டீங்கள். ரிப்போர்ட் பண்ணுவம்."

சிவனேஸ்வரி லீக்ஸைத் தண்ணீரில் அலசினாள். மண் போகும்வரை அலசினாள்.

"உள்ளதைச் சொல்லியிருந்தால் கறுப்பு நூலிலயே தைச்சு அனுப்பியிருப்பான்," என்றாள். "ஏமாந்தெண்டாலும் தம்பிக்கு ஒரு விளக்கு வைச்சிருப்பன்."