ராயக்கோட்டை வழியில் ஒரு ஜப்பான் மீன்

காலை எட்டு மணிக்கு ஓசூரில் பஸ் ஏறினேன். ராயக்கோட்டை அங்கிருந்து ஏறத்தாழ இருபது மைல், கட்டணம் பன்னிரண்டணா. கும்பகோணத்தில் என்னோடு வாத்தியாரம்மாவாக இருந்த சிநேகிதி, கல்யாணமாகி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். அவளைப் பார்த்துவிட்டுக் கிருஷ்ணகிரி வழியாகத் திரும்புவதாகத் திட்டம். பஸ்ஸின் முன்பக்கம் கன்னடம், பின்பக்கம் தெலுங்கு, கண்டக்டர் மட்டும் எல்லோரையும் தமிழில் அதட்டினார்.

சானமாவுக் காட்டுக்குள் டயர் வெடித்தது. யானை நடமாடும் இடம் என்று டிரைவர் பதறினார். எனக்குப் பின் ஸீட்டில் இருந்தவர் இறங்கி உதவிக்குப் போனார். முப்பது வயதிருக்கும். அந்த வெயிலிலும் மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட சட்டை. ஜாக்கி போடுவதற்காகக் கையைச் சுருட்டியபோதுதான் பார்த்தேன். வலது முன்கை முழுக்க ஒரு மீன்! சிவப்புச் செதில்கள், சுற்றிலும் நீல அலை, வாலை வளைத்து முழங்கையை நோக்கிப் பாய்கிறது. கோலமும் தேளுமாய்ப் பச்சை குத்திய கைகளையே பார்த்திருந்த எனக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை.

வேலை முடிந்ததும் அவசரமாகப் பொத்தானைப் போட்டார். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"ஜப்பான்ல குத்துனதுங்க அக்கா," என்றார்.

பெயர் முனிராஜ். கூலி வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து, சண்டை முடிந்தபின் ஜப்பானில் காவல் இருந்த படையோடு போயிருக்கிறார். இப்போது ஓசூரில் லாரி ஷெட்டில் மெக்கானிக். அன்று ராயக்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போகிறார், தனியாக.

"கூட வர இருந்த அத்தைக்குக் காய்ச்சலுங்க. போன தடவை தேன்கனிக்கோட்டையில இந்த மீனைப் பாத்துட்டு, சீமையில எவளோ ஒருத்திக்காகக் குத்திக்கிட்டான்னு அனுப்பிட்டாங்க. இந்தத் தடவை காட்டக் கூடாதுன்னு இருக்கேன்." கொஞ்சம் தயங்கி, "என் பக்கம் பொம்பளையாள்னு யாருமில்ல. நீங்க செத்த நேரம் வர முடியுங்களா?" என்றார்.

என் சிநேகிதி மாலைவரை பள்ளிக்கூடத்தில்தான் இருப்பாள். சரி என்றேன்.

பதினோரு மணிக்குப் பெண் வீட்டில் இருந்தோம். மலைக்கோட்டை அடிவாரத்தில் ஓட்டு வீடு. முற்றத்தில் தக்காளிக் கூடைகள். பெண்ணின் அப்பா பயிர் வைக்கிறவர், அதிகம் பேசாதவர். பெண்ணைப் பார்க்க என்னை உள்ளே அழைத்தார்கள். பெயர் பார்வதி. அம்மா காபி எடுக்க நகர்ந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"ஏக்கா, இந்த வேக்காட்டுல எதுக்கு அவரு கையை மூடிக்கிட்டு இருக்காரு? பெருவியாதியா? நெசத்தைச் சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பழியை மறைக்கப் போய் அதைவிடப் பெரிய பழி வந்து நிற்கிறது! "வியாதி இல்லை. வேறொன்று இருக்கிறது. அவரையே கேள்," என்றேன்.

கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. காபி டம்ளரை அவர் முன் வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று, "கையைக் காட்டுங்க," என்றாள்.

முனிராஜ் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பொத்தானைக் கழற்றினார்.

"ஐயையோ, ஆம்பளை பச்சை குத்துவானா?" என்றாள் அம்மா.

"அங்க இந்த மீனைக் கோய்னு சொல்வாங்க," என்றார் முனிராஜ். "அருவியை எதுத்து நீந்தி உச்சிக்குப் போற மீனு, வானத்துல பறக்கற பெரிய பாம்பாயிடுமாம். கூலிக்காரன் மகன் கூலிக்காரனாத்தான் இருக்கணும்னு எங்கூர்ல சொல்லிக்கிட்டே இருந்தாங்க. கதையைக் கேட்டதும் இது நான்தான்னு தோணுச்சு. குச்சியில ஊசி கட்டிக் குத்துனாங்க. வலி உசிரு போச்சு."

அப்பா குனிந்து மீனை உற்றுப் பார்த்தார். "புதுத் தண்ணி வந்து ஏரி நெரம்பி வழிஞ்சா எங்கூரு மீனும் எதுத்துத்தான் ஏறும். பறந்துதான் பாத்ததில்ல," என்றார்.

முனிராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தைரியமும் வந்தது. "ஆம்பளைப் புள்ளைங்க இருக்கற வீட்ல துணியில இந்த மீனைத் தெச்சுக் கம்பத்துல பறக்க விடுவாங்க. காத்துல நீந்தறாப்பலயே இருக்கும்."

"பொட்டப் புள்ளை பொறந்தா?" என்றாள் பார்வதி.

அவர் திகைத்தார். பட்டாளத்தில் யாரும் அவரை அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"நம்ம வீட்ல அதுக்கும் பறக்கும்," என்றார்.

'நம்ம வீட்ல' என்று சொல்லிவிட்டதை உணர்ந்து முகம் சிவந்தார். பார்வதி அப்பாவைப் பார்த்து, "எனக்குச் சம்மதம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மா தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள். ஆனாலும் தட்டில் வெற்றிலை பாக்கு வந்தது.

இரவு சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என்னைப் பெண் பார்க்க வந்த நாள் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்க் கூடத்தில், ஜமக்காளத்தின் கோடுகளைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. என் கணவர் நல்லவர்; அது வாய்த்தது என் அதிர்ஷ்டம். அன்று எனக்கு வாய் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கிருஷ்ணகிரி வருவதற்குள் நாலைந்து கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஊருக்குப் போனதும் அவரிடம் கேட்கப்போகிறேன்.