கார் ஷெட்டில் மிஞ்சிய பலகைகள்

சென்ற தை மாதத்தில் ஒருநாள், ஒரு மோட்டார் வாகனம் உறங்குவதற்கென்று புதிதாகக் கட்டப்பட்ட அறையின் நடுவே நின்றுகொண்டு, அதன் உட்சுவர்களுக்கு எந்த நிறம் பொருந்தும் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். இலங்கையில், மன்னார்ப் பக்கத்து அடம்பனில் என் இளமைக்காலத்தில் நான் அறிந்திருந்த ஒரே உழவு இயந்திரம், வெயிலிலும் மழையிலும் மரத்தடியில்தான் நின்றது. அதன் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்ததை ஊரே வந்து பார்த்தது. வண்டிக்குக் கூரை இல்லையே என்று ஒருவரும் குறைபட்டதில்லை. கும்மிடிப்பூண்டியிலோ காருக்குக் கதவுடன் அறை கட்டுகிறார்கள். அதனைக் கார் ஷெட் என்கிறார்கள். நான் நின்றிருந்த அந்த ஷெட், அகதி முகாமில் நானும் என் மனைவி தவமணியும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வசிக்கும் அறையைப்போல் இரண்டு மடங்குக்கும் பெரியது. இதனைப் பொறாமையால் எழுதவில்லை என்பதை ஊரில் இருப்போரும், என்னைப்போல் முகாம்களில் மூப்படைந்தோரும் நம்ப வேண்டும். அன்றைக்கு என் மனத்தில் இருந்தது வேறு சுவர்.

கடல் கடந்து வந்து இவ்விடத்தில் இறக்கிவிடப்பட்டபோது எனக்குத் தெரிந்த தொழில் நெற்செய்கை ஒன்றுதான். நிலமில்லாதவனுக்கு அது உதவவில்லை. முகாமில் இருந்த ஆண்களில் பலர் பெயின்ட் வேலைக்குப் போனார்கள், நானும் போனேன். சுவரைச் சுரண்டவும் மாவு தேய்த்துப் பட்டி பார்க்கவும் பூசவும், பின்னாளில் பிளாஸ்டிக் பலகைகள் பொருத்தவும் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டேன். சிப்காட் தொழிற்பேட்டையின் அலுவலக அறைகள், மீஞ்சூரில் திருமண மண்டபம், ஆரணியில் அரிசி ஆலைக்காரரின் மாடி என்று நான் அழகுபடுத்திய சுவர்களுக்குக் கணக்கில்லை. ஆயினும் என் சொந்த அறையின் சுவர்களுக்கு நான் ஒரு கரண்டிச் சாந்துகூடப் பூசவில்லை.

இதற்கு வறுமை காரணமன்று. எங்கள் வரிசையில் எல்லோரும் நாளடைவில் பூசிக்கொண்டார்கள். ஓலைக் குடிசை போய் ஹாலோ பிளாக் சிமெந்துக் கல்லில் அறை கிடைத்த அன்று, தவமணி சுவரைத் தடவிப் பார்த்து, "கொஞ்சம் பூசிவிட்டா நல்லாயிருக்குமப்பா" என்றாள். நான் அவளிடம், "பூசக்கூடாது. பூசினா இஞ்சையே இருந்திடுவம். சுவர் இப்பிடிக் கிடக்கும் மட்டும் நாங்கள் போற ஆக்கள்தான்" என்றேன். அப்போது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அடுத்த ஆண்டே போய்விடுவோம் என்று மெய்யாகவே நம்பினேன். சில ஆண்டுகள் அவள் மீண்டும் கேட்டாள். கல்லின் சொரசொரப்பில் முழங்கை உரசிப் புண்ணாகும்போது கேட்டாள். சேலைத் தலைப்பு மாட்டிக் கிழிந்தபோது கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். பிடிவாதக்காரனிடம் பேசிப் பயனில்லை என்று கைவிட்டாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன். அவ்விதம் எடுத்துக்கொண்டதுதான் என் வாழ்நாளின் பெரும்பிழை.

கார்த்திகை மழை விட்டபின் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிற்று. பொன்னேரி ஆஸ்பத்திரியில் இளம்வயது டாக்டரம்மா ஒருவர், "பாட்டி படுக்குற எடத்துல தூசி வருதா தாத்தா?" என்று கேட்டார். நான் இரும்பு ஆலைகளின் கரித்தூளைச் சொன்னேன். "அது ஊருக்கே இருக்கு. ஊட்டுக்குள்ள?" என்றார். இந்த நிலத்தின் உப்பு நீர் கல்லுக்குள் ஏறிப் பூத்து, சுவர் பொடிப்பொடியாக உதிர்வதும், காலையில் அவளுடைய தலையணையில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு இருப்பதும் எனக்குத் தெரியும். "சுவத்தை மூடிடுங்க தாத்தா, மொதல்ல அத பண்ணுங்க" என்றார் அந்த அம்மையார்.

இவ்வேளையில்தான் தணிகாசலம் என்பவர் என்னை அழைத்திருந்தார். ஆரணிப் பக்கம் நெல் பயிரிடும் குடும்பத்தவர். தொழிற்பேட்டைக்கு அருகில் வீடு கட்டிக் குடிவந்தவர். உரத்த குரலும் இளகிய உள்ளமும் உடையவர். கடையில் வாங்கிய மாதிரித் துண்டுகளை ஷெட்டின் தரையில் சீட்டுக்கட்டு போலப் பரப்பிவைத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"இன்னா பெரியவரே, எனக்குப் பொண்ணு பாக்கறப்பகூட இவ்ளோ ரோசன பண்லபா. மார்பிள் டிசைனா, மரமா, சும்மா பெயின்டா? நீங்களே சொல்லுங்க."

உள்ளே இருந்து அவருடைய மனைவி அமுலு குரல் கொடுத்தார். "ரோசன பண்ணியிருந்தா என்னைக் கட்டியிருக்க மாட்டியோ? பள்ளிப்பட்டுல எங்க அண்ணன் ஊட்ல தங்கக் கோடு போட்ட மார்பிள் டிசைனு போட்டுகிறாங்க. அதையே போடு."

"உங்க அண்ணன் காரு வெச்சிக்கிறானா? ஆட்ட கட்டி வெச்சிகினு அதுக்குத் தங்கக் கோடாம்!"

நான் என் தொழிலறிவை எடுத்துச் சொன்னேன். இந்த உப்புக் காற்றில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் இரண்டு மழைக்குள் கொப்புளித்துவிடும். சுவரில் ரீப்பர் என்னும் ஒல்லிக் கட்டைகளை அறைந்து, அவற்றின்மேல் பிளாஸ்டிக் பலகைகளைத் திருகிவிட்டால், சுவருக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். உதிர்வது உள்ளுக்குள்ளேயே விழுந்துவிடும். தணிகாசலம் தலையசைத்துவிட்டு, "அப்ப கலரு?" என்றார். சட்டென்று நினைவு வந்தவராய், "ஊருக்கெல்லாம் பண்றீங்களே, உங்க ஊட்ல இன்னா கலரு?" என்று கேட்டார்.

நான், "சாம்பல் நிறம் ஐயா" என்றேன்.

"கிரேயா! அம்மாடி, அமுலு, கேட்டுக்கோ. பெரியவர் ஊட்ல கிரேயாம். இப்ப அதான்பா ஃபேஷனு. பெங்களூர்ல எல்லாம் அதான் போட்டுகினு இருக்கான்" என்று அவர் மெச்சினார். நான் சொன்னது பூசாத கல்லின் நிறத்தை. என் அறைக்குக் கிடைத்த அந்த ஒரே பாராட்டை ஏற்றுக்கொண்டு நின்றேன்.

நமக்கும் அதையே போட்டுவிடுங்கள் என்றவரை நான் தடுத்தேன். துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்துவைத்து எட்ட நின்று பார்த்தேன். சாம்பல் வேண்டாம், அது நெஞ்சை அழுத்தும். மார்பிள் கோடுகள் வேண்டாம்; காய்ச்சலில் கிடப்பவருக்கு அவை பூச்சிகள் ஊர்வதுபோலத் தோன்றும். கடைசியில் கோடில்லாத வெண்ணெய் நிறத்துப் பலகையை எடுத்து, "இதுதான் ஐயா. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு கிடந்தாலும் கண் களைக்காது" என்றேன்.

தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தார். "காரு இன்னா பெரியவரே, முழிச்சிகினு செவுத்தையா பாத்துகினு இருக்கப்போவுது?"

எனக்குக் கூச்சமாகிவிட்டது. நான் யாருக்காகத் தேர்ந்துகொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் விளங்கிற்று. ஆனால் அமுலு வெளியே வந்து பலகையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது. இதையே போடுங்க" என்றார்.

சுவரின் முழு உயரத்துக்கும் பலகைகள் வந்து இறங்கின. வேலை தொடங்கும் நாளில், சேறு தெறிக்கும் கீழ்ப்பாதிக்கு டைல்ஸ்தான் வேண்டும் என்று அமுலு மாறிவிட்டார். டைல்ஸ் ஒட்டி, பலகைகளைப் பாதியாக அறுத்து மேலே பொருத்தி முடித்தேன். அறுத்த மறுபாதிகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. கடைக்காரர் அறுத்ததைத் திரும்ப எடுக்கமாட்டார். "எடுத்துகினு போங்க பெரியவரே. இத வெச்சிகினு நா இன்னா பண்ணப்போறேன், பட்டமா வுடப்போறேன்?" என்று தணிகாசலம் தம்முடைய வண்டியிலேயே அவற்றை முகாம் வாசலில் இறக்கித் தந்தார்.

அந்த வாரம் மூச்சு இழுப்பு முற்றித் தவமணி ஆஸ்பத்திரியில் இருந்தாள். எங்கள் ஒரே மகள் மதுரைப் பக்கத்து முகாமிலிருந்து வந்து அவளுடன் தங்கியிருந்தாள். நான் பகலெல்லாம் என் அறையில் வேலை செய்தேன். பாதித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, நடுவில் ஓடிய இணைப்பை ஒரு பட்டையால் மறைத்தேன். முதலில் கட்டில் கிடக்கும் பக்கத்தை மூடினேன். மூன்று சுவர்களுக்குத்தான் பலகை போதுமாயிருந்தது. எதிர்ச்சுவருக்கு அடுத்த சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணி, அறையைக் கழுவித் துடைத்தேன். வேலையின் நடுவே ஒருமுறை இளைப்பாற அமர்ந்தபோது, என் தம்பியின் மகன் கைபேசியில் காட்டிய படம் நினைவுக்கு வந்தது. அடம்பனில் எங்கள் வீடு நின்ற வளவில் அத்திவாரக் கற்கள்கூட இல்லை. புதர்ப் பற்றைக் காடுதான் நின்றது. அதனைத் தவமணிக்கு நான் இன்றுவரை காட்டியதில்லை. பார்க்கக் கேட்டபோதெல்லாம், சிக்னல் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அவளை அழைத்துவந்து வாசலில் இறக்கியபோது, நான் ஒரு புதுமாப்பிள்ளையைப்போல் முன்னால் நடந்து விளக்கைப் போட்டேன். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று பக்கமும் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அருகில் வந்து, தொழில் தெரிந்தவள்போல், திருகாணியின் தலை ஒன்றை விரலால் தடவினாள்.

"இதென்னப்பா?"

"தூசி வராது. டொக்டர் அம்மா சொன்னவ."

"அப்ப நாங்கள் போறேல்லையோ?"

"சுவருக்கும் போறதுக்கும் என்ன தவமணி?" என்றேன்.

"நீங்கதானே சொன்னனீங்கள்" என்றாள். மூச்சு வாங்கிற்று, நின்று நின்று பேசினாள். "சுவர் பூசாமக் கிடக்கும் மட்டும் நாங்கள் போற ஆக்களெண்டு. நான் பிறகு கேட்டனானே? கேக்கேல்லையே. ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி இந்தக் கல்லைத்தானே பாக்கிறனான். இன்னும் பூசேல்லை, அப்ப போறது இன்னும் இருக்கெண்டு."

எங்கள் மகள், "அம்மா, உங்கட நெஞ்சுக்காகத்தானே அப்பா செஞ்சவர்" என்றாள். தவமணி மூடப்படாத எதிர்ச்சுவரைக் கைநீட்டிக் காட்டி, "கட்டிலை அந்தப் பக்கம் போடுங்கோ" என்றாள்.

நான் மறுத்தேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பலகையின் நிறம் கண்ணுக்கு இதமானது என்றுகூடச் சொன்னேன். அதனை நான் எவ்வளவு நேரம் நின்று தேர்ந்தேன் என்றும் சொன்னேன். அவள் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துத் தானே இழுக்க முயன்றாள். அதைக் காணப் பொறுக்காமல் நானும் மகளும் கட்டிலைத் தூக்கிப் பூசாத கல்லின் ஓரமாகப் போட்டோம். அவள் எங்களுக்கு முதுகு காட்டிப் படுத்து, உள்ளங்கையைக் கல்லின்மேல் வைத்துக்கொண்டாள்.

தணிகாசலத்தின் கார் வெண்ணெய் நிறச் சுவர்களுக்கு நடுவே சுகமாக நிற்கிறது. பார்க்க வந்தவர்கள் நிறம் தேர்ந்தது யாரென்று கேட்கிறார்களாம்; அதனால் இன்னும் இரண்டு ஷெட்டுகளுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாலாவது சுவருக்கு வேண்டிய பலகைகளை நான் வாங்கவில்லை. தினமும் காலையில் வேலைக்குப் புறப்படுமுன் ஒரு துணியை நீரில் நனைத்துப் பிழிந்து, தவமணியின் தலைக்கு மேலிருந்து கால்வரை அந்தக் கல்லை மெதுவாக ஒற்றியெடுக்கிறேன். துடைத்தால் பொடி பறக்கும். துணி ஒவ்வொரு நாளும் சாம்பல் நிறமாகிறது. இன்று காலை நான் ஒற்றிக்கொண்டிருக்கையில் அவள் திரும்பாமலே, "இந்த வருசம் போவமே?" என்று கேட்டாள். "போவம்" என்றேன். ஈரம் காயுமுன் அவள் கை மறுபடியும் அந்தக் கல்லின்மேல் வந்து படிந்தது.