தென் கரோலினாவைப் பாடமாக்கியவன்

அமெரிக்காவின் தெற்கில் தென் கரோலினா என்றொரு மாநிலம் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. போகிற யோசனையும் இல்லை. ஆனால் 2009ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், அந்த மாநிலம் உருவானது முதல் உள்நாட்டுப் போர் வெடித்தது வரையான வரலாறு, பத்தொன்பது பக்கம், எழுத்துப் பிசகாமல் என் தலைக்குள் இருந்தது. லண்டனை விட்டுத் துரத்தப்படும் நிலைக்கு நான் வந்தது அதனால்தான்.

மாணவர் விசாவில் வந்தவன் நான். தென் லண்டனில் ஒரு கல்லூரியில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஒரு வருடப் படிப்பு. பிறகு சட்டம் படித்து, கறுப்புக் கோட்டுப் போட்டு, எல்லாரையும் மிரட்டுவதாக உத்தேசம். சட்டத்துக்குப் போக வேண்டுமானால் ஏதாவது ஒரு வரலாறு எடுக்க வேண்டும் என்றார்கள். நான் பதியப் போனபோது இங்கிலாந்தும் நிரம்பிவிட்டது, ஐரோப்பாவும் நிரம்பிவிட்டது. மிச்சம் கிடந்தது அமெரிக்கத் தெற்கு. இலங்கையின் வடக்கிலிருந்து வந்தவன் தெற்கைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது உடம்புக்கு நல்லது என்று கையெழுத்துப் போட்டேன்.

பாடமாக்குவது எங்கள் ஊர்ப் பழக்கம். யாழ்ப்பாணத்து டியூட்டரியில் அறுநூறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, சேர் நோட்ஸ் சொல்லுவார். நாங்கள் எழுதுவோம், வீட்டில் பாடமாக்குவோம், சோதனையில் கக்குவோம். விளங்கியவனுக்கு அறுபது புள்ளி, பாடமாக்கியவனுக்குத் தொண்ணூறு. நான் தொண்ணூற்றிரண்டு. அந்தப் பெருமையோடு வந்தவனிடம் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்தால் வேறு என்ன செய்வான்? எனக்கு ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு வசனம் எழுதப் பயம். புத்தகத்தில் இருப்பவையோ இலக்கணப் பிழையே இல்லாத வசனங்கள். அவற்றை ஏன் வீணாக்க வேண்டும்?

எனக்கு உட்கார்ந்து பாடமாக்க வராது, நடக்க வேண்டும். லூயிஷாமில் நான் வாடகைக்கு இருந்த அறை கட்டிலிலிருந்து யன்னல் வரை நாலடி. ஆகவே புத்தகத்தோடு தெருவில் இறங்கினேன். இங்கிலாந்து அரசன் எட்டுப் பிரபுக்களுக்குத் தன் சீதனக் காணி போலக் கரோலினாவை எழுதிக் கொடுத்தது பஸ் தரிப்பில் நடந்தது. பார்படோஸ் தீவின் கரும்பு முதலாளிகள் அடிமைகளோடு வந்து இறங்கியது சந்தையில், மீன்கடைக்கு முன்னால். மான்தோல் வியாபாரம் தபால் கந்தோரில். நெல் வயல்கள் ரயில் நிலையப் படிக்கட்டில். நீலச் சாயத்துக்கு அவுரி பயிரிட்டது முதலாம் மேடையில். வயலில் நின்ற கறுப்பு மக்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேளம் அடித்துக்கொண்டு கிளர்ந்தெழுந்தது இரண்டாம் மேடையில். அவர்களை அடக்கிய பிறகு மேளத்தையும் தடைசெய்து, அடிமைக்கு எழுதக் கற்பிப்பதையும் குற்றமாக்கினார்கள். அது பாலத்துக்கு அடியில். பருத்தியும் வரிச் சண்டையும் வீடு திரும்பும் வழியில். அமெரிக்க ஒன்றியத்திலிருந்து முதல் ஆளாக விலகி, துறைமுகக் கோட்டைக்கு முதல் குண்டு போட்டபோது நான் வீட்டு வாசலில் கதவுத் திறப்பைத் தேடிக்கொண்டிருப்பேன்.

சோதனையில் ஒரே கேள்வி: தென் கரோலினா ஏன் முதலாவதாக ஒன்றியத்தை விட்டு விலகியது? பதில் எனக்குப் பதினேழாம் பக்கத்தில் இருந்தது. ஆனால் பாடமாக்கியவனால் பதினேழாம் பக்கத்துக்கு நேராகப் போக ஏலாது. பஸ் தரிப்பிலிருந்து நடந்துதான் போகலாம். 1670இல் கப்பலை இறக்கினேன். கை வலிக்க வலிக்க எழுதினேன். மணி அடித்தபோது நான் 1832இல் நின்றேன். அவர்கள் கேட்டதோ 1860. இருபத்தெட்டு வருடம் பிந்திவிட்டேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. என் விடைத்தாள் பாடப்புத்தகத்தோடு காற்புள்ளி வரை ஒத்துப்போவதாகவும், சோதனை மண்டபத்துக்குள் புத்தகத்தைக் கொண்டுபோனேன் என்ற சந்தேகத்தில் விசாரணை வைப்பதாகவும், குற்றம் உறுதியானால் படிப்பிலிருந்து நீக்குவார்கள் என்றும் எழுதியிருந்தது. நீக்கினால் கல்லூரி குரோய்டனில் இருக்கும் குடிவரவுக் கந்தோருக்கு அறிவிக்கும். குரோய்டன் விசாவை வெட்டும். வெட்டினால் கொழும்பு. அந்த வருடம் அந்த மாதம் கொழும்பு விமான நிலையத்தில் என் வயதில் ஒரு வடக்குப் பெடியன் திருப்பி அனுப்பப்பட்டு இறங்குவதென்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

வீட்டுக்காரர் எனக்கு அண்ணை முறையில்லை. ஆனாலும் அண்ணைதான். ஜேர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து, குளியலறைகளுக்குத் தரை ஓடு பதிக்கிறவர். அந்த நாட்களில் வேலை முடிய நேரே பாராளுமன்றத்துக்கு எதிர்த் தெருவுக்குப் போய் சனத்தோடு நிற்பார். ஊரில் நடக்கிற போரை நிறுத்தச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வருவார். கடிதத்தை அவரிடம் காட்டினேன்.

"கொப்பியடிச்சனியோ?" என்றார், கட்டிய தொண்டையால்.

"இல்லை அண்ணை. பாடமாக்கினனான்."

"எவ்வளவு?"

"முழுக்க."

"விசரா உனக்கு? அமெரிக்காக்காரன்ரை சண்டையைப் போய் ஆராவது பாடமாக்குவானோ?" கடிதத்தை மறுபடி வாசித்தார். "சரி. ஒண்டு செய். கொப்பியடிச்சனான் எண்டு ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேள். வெள்ளைக்காரன் மன்னிப்புக்கு இரங்குவான்."

"செய்யாததை எப்பிடி அண்ணை ஒத்துக்கொள்ளுறது?"

"ஊரிலை செய்யாததை ஒத்துக்கொண்டு கையெழுத்து வைச்ச சனம் எவ்வளவு! அவங்களுக்கு அடிச்சுக் கேட்டவங்கள். உனக்குக் கோப்பி தந்து கேக்கிறாங்கள். பிறகென்ன?"

விசாரணைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் நான் எங்கும் அரை மணித்தியாலத்துக்கு மேல் உட்கார்ந்ததாக நினைவில்லை. பாதிச் சோற்றில் எழும்புவேன். பஸ்ஸில் இடமிருந்தும் நின்றேன். கதவில் தபால் விழுந்தால் அண்ணைக்கு முன் ஓடினேன். பீட்சா விளம்பரத்தைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் அந்தத் தெருவில் வேறு இருக்கமாட்டான்.

விசாரணை அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் துறைத் தலைவர், உயரமான, களைத்த மனிதர். மற்றவர் எனக்குப் பாடம் எடுத்த பெண்மணி. தென் கரோலினாவிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். சொந்த ஊரை ஒருவன் இப்படித் திருடிவிட்டானே என்ற கோபம் முகத்தில் இருந்தது.

தலைவர் என் விடைத்தாளைத் தூக்கினார். "இங்கே, 'முந்தைய அத்தியாயத்தில் நாம் கண்டபடி' என்று எழுதியிருக்கிறீர்கள். முந்தைய அத்தியாயம் எங்கே?"

"புத்தகத்தில், சேர்."

"இங்கே, 'எதிர்ப்பக்க வரைபடம் காட்டுவதுபோல' என்று இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் நீங்கள் தண்ணீர் ஊற்றிய கறைதான் இருக்கிறது."

அது தண்ணீர் இல்லை, வியர்வை என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். "எல்லாம் பாடம், சேர். வேண்டுமென்றால் சொல்லிக் காட்டுகிறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மணி புத்தகத்தைத் திறந்து முதல் வரியில் விரலை வைத்தார். "சொல்லுங்கள்."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கதிரையில் இருந்தேன் அல்லவா!

"மன்னிக்கவும். நடக்கலாமா?"

அந்த அறை என் லூயிஷாம் அறையைவிடக் கொஞ்சம் பெரிது. கதவிலிருந்து பைல் அலுமாரி வரை ஆறடி. நடந்தேன். எட்டுப் பிரபுக்கள் வந்தார்கள், கப்பல் வந்தது, மான்தோல் வந்தது. குப்பைக் கூடையை ஒருமுறை உதைத்தேன், நிற்கவில்லை. அம்மணியின் விரல் வரிவரியாக ஓடியது. நெல் வயலுக்கு வந்தபோது தலைவருக்கு இருமல் வந்தது. நல்ல நீண்ட இருமல். நான் நின்றுவிட்டேன். இருமல் முடிந்தது.

"தொடருங்கள்," என்றார்.

"ஏலாது, சேர். இனி முதலிலிருந்துதான் வரவேண்டும்."

திரும்பிக் கதவடிக்குப் போய் மறுபடியும் இங்கிலாந்து அரசனிடம் தொடங்கினேன். நாலாவது வசனத்தில் அம்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். தலைவர் கையை உயர்த்தினார். "போதும். நம்புகிறேன். தயவுசெய்து உட்காருங்கள்."

கொப்பியடிக்கவில்லை என்று ஆயிற்று. நான் எழும்பிப் போகலாம் என்று நினைத்தேன். அவரோ விடைத்தாளை மேசையில் வைத்துத் தட்டினார். "ஆனால் இதற்கு என்னால் புள்ளி தர முடியாது. இதில் உங்களுடையது ஒரு சொல்கூட இல்லை. புள்ளி இல்லாவிட்டால் நீங்கள் தேறவில்லை. தேறாவிட்டாலும் நீக்கத்தான் வேண்டும். நீங்கள் போர் நடக்கிற நாட்டிலிருந்து வருகிறீர்கள். ஒரு உள்நாட்டுப் போர் ஏன் தொடங்கியது என்று கேட்டால் உங்களுக்கென்று ஒரு கருத்தும் இல்லையா?"

"எங்கள் ஊரில் சொந்தக் கருத்துக்குப் புள்ளி இல்லை, சேர்," என்றேன். "சோதனைக்கு வெளியே சொந்தக் கருத்துச் சொன்னால் ஆளே இல்லை."

பகிடியாகத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அம்மணி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "அதே கேள்வி. ஒரு பக்கம். இப்போதே. 1670 வேண்டாம். இந்த முறை உட்கார்ந்துகொண்டு எழுதுங்கள்."

என் வாழ்க்கையில் அவ்வளவு வெள்ளையான தாளை நான் கண்டதில்லை. புத்தகத்தின் வசனங்கள் வரிசையில் நின்று முட்டி மோதின. ஒன்றை எழுதினேன், வெட்டினேன். இன்னொன்று, அதையும் வெட்டினேன். கால் மேசைக்குக் கீழே தானாக நடந்துகொண்டிருந்தது. தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கடைசியில், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல எழுதினேன். வயலில் நின்றவர்கள் கனபேர். வீட்டில் இருந்தவர்கள் கொஞ்சப்பேர். கொஞ்சப்பேரின் கையில் சட்டம் இருந்தது. ஒருவன் மேளம் அடிக்கக்கூடாது, எழுதக்கூடாது என்று சட்டம் போடுகிறவன் பலசாலி இல்லை, பயந்தவன். நூற்றிருபது வருடம் அப்படிப் பயந்தே இருந்தார்கள். தங்கள் பயத்துக்கு ஒன்றியம் இனிக் காவல் நிற்காது என்று தெரிந்ததும் விலகினார்கள். சுதந்திரம் என்று சொன்னார்கள், அடிமைகளை வைத்திருக்கும் சுதந்திரத்தைத்தான் சொன்னார்கள்.

முக்கால் பக்கம்தான் வந்தது. அம்மணி வாசித்தார். சிவப்புப் பேனையால் இலக்கணப் பிழைகளைச் சுற்றினார். பத்தோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"என் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இதை வேறு மாதிரித்தான் சொல்லித் தந்தார்கள்," என்றார். "மாநில உரிமை, மானம் என்று. நாங்களும் அதைப் பாடமாக்கித்தான் ஒப்பித்தோம்."

தாளின் மேல் மூலையில் 41 என்று எழுதி வட்டம் போட்டார். தேறுவதற்கு நாற்பது. தலைவர் பக்கத்தில் கையெழுத்து வைத்தார். குரோய்டனுக்குக் கடிதம் போகாது.

வெளியே வந்து ரயில் நிலையத்துக்கு ஓடாத குறையாக நடந்தேன். மேடையில் நின்று அண்ணைக்குப் போன் அடித்தேன். அவருக்குப் பின்னால் பாராளுமன்றத் தெருவின் ஒரே சனச் சத்தம்.

"என்ன மாதிரி?" என்று கத்தினார்.

"பாஸ் அண்ணை. நாற்பத்தொண்டு!"

"நாற்பத்தொண்டோ? ஊரிலை தொண்ணூறு எடுத்தனான் எண்டு பீத்தினாய்!"

"அது பாடமாக்கினதுக்கு அண்ணை. இது நானே எழுதினதுக்கு."

"ஆ! அப்ப உனக்கு இங்கிலீசிலை சொந்தமா எழுத ஏலும். நல்லதாப் போச்சு. இஞ்சை பெடியள் மட்டையும் பெயின்றும் வைச்சுக்கொண்டு நிக்கினம். பிடிக்கிறதுக்கு ஒரு வசனம் வேணும். கெதியாச் சொல்லு."

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"அது எல்லா மட்டையிலையும் இருக்கு. வேறை?"

இன்னொன்று சொன்னேன்.

"அதுவும் இருக்கு. டேய், பாடமாக்கினதைச் சொல்லாதை. அங்கை சனம் செத்துக்கொண்டு இருக்குது. வாசிக்கிறவன் ஒருக்கா நிண்டு பாக்கிற மாதிரி ஒண்டு சொல்லு."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை."

"பொறுக்க ஏலாது, பெயின்ற் காயுது."

ரயில் வந்தது. கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. அண்ணை போனை வைக்கவில்லை. அவருடைய மூச்சும் பின்னால் சனத்தின் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. நான் மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தேன். திரும்பி வந்தேன். அடுத்த ரயிலும் வந்தது.

"தம்பி, லைனிலை நிக்கிறியோ?" என்றார் அண்ணை.

"நிக்கிறன் அண்ணை," என்றேன்.