முதல் கட்டத்தில் ஒரு டிக்

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் வைத்த பெயர் கட்டம். குடிநீர் வாரியத்தின் ஓய்வூதியப் பிரிவில் முப்பத்தாறு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆகப்போகிறவர்கள் கடைசி மூன்று மாதத்தில் அவர் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். குழாய் பதித்தவர், பம்ப் ஓட்டியவர், தலைமைப் பொறியாளர், யாராக இருந்தாலும் ஒரே படிவம். அதில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் டிக் போட்டால் மாதாமாதம் முழு பென்ஷன், ஆனால் ஆள் போனால் பணமும் போச்சு. இரண்டாவதில் போட்டால் கால்வாசியைப் பிடித்துக்கொள்வார்கள். ஆள் போன பிறகு, மிச்சம் இருக்கிற கணவனுக்கோ மனைவிக்கோ கடைசி வரை பாதி வரும். ஒருமுறை போட்டால் போட்டதுதான். அழுதாலும் புரண்டாலும் மாற்ற மாட்டார்கள்.

"அவசரப்படாதீங்க. வீட்டுக்காரம்மாவுக்கு என்ன வயசு? சர்க்கரை இருக்கா? அவங்க அம்மா எத்தனை வயசு வரைக்கும் இருந்தாங்க?" என்று துருவித் துருவிக் கேட்பாராம். பெண் கேட்டு வந்தவர்கள்கூட அந்தப் பெண்ணைப் பற்றி அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள். எல்லாம் கேட்டுவிட்டு, எந்தக் கட்டம் என்று தன் விரலால் தொட்டுக் காட்டுவார். அந்த விரலை நம்பி ஆயிரம் குடும்பமாவது பிழைத்திருக்கும். அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை.

வீட்டிலும் மனுஷன் அப்படித்தான். கடல் பார்க்கப் போகலாமா என்றால், ரிட்டயர் ஆகட்டும். பழைய கட்டில் முதுகைக் குத்துகிறது என்றால், ரிட்டயர் ஆகட்டும். மற்றவர்கள் சொர்க்கத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி இவர் ஓய்வுக் காலத்தைப் பற்றிப் பேசுவார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வங்கியோ வாரியமோ, எந்தக் காகிதம் வந்தாலும் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு நீட்டுவார். குறி இருக்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். எனக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை. ஊருக்கே படிவம் நிரப்புகிறவர் வீட்டில் இருக்கும்போது நான் எதற்கு வாசிக்க வேண்டும் என்கிற திமிர்தான்.

அவர் ரிட்டயர் ஆன வருடம் எனக்கு இதயத்தில் வால்வு பழுதானது. அறுவை சிகிச்சைக்கு, ரிட்டயர் ஆனதும் வந்த மொத்தத் தொகையும் போனது, வைப்புத் தொகையும் போனது. கடலும் போனது, கட்டிலும் போனது. பிழைத்து வந்ததே பெரிசு என்று நான் வாயைத் திறக்கவில்லை. பதினொரு வருடம் வாடகை வீட்டில், மாதாமாதம் வருகிற பென்ஷனில், எனக்கு மூன்று வேளை மாத்திரையோடு காலம் ஓடியது. பணத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. நான்தான் கட்டத்தின் மனைவியாயிற்றே.

பென்ஷன் வாங்குகிறவர் வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய், தான் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வர வேண்டும். எப்போதும் தனியாகத்தான் போவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டதால் நான் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் அவரிடம் வேலை கற்றவள். எழுந்து நின்று வணக்கம் சொன்னாள்.

"நானும் உயிரோடதாம்மா இருக்கேன். என்னையும் எழுதிக்கோ," என்று விளையாட்டாகச் சொன்னேன்.

அவள் ஏட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அம்மாவுக்குத் தேவையில்லைங்களே சார். உங்களது முதல் கட்டம்தானே."

"நல்லாப் பாரும்மா, வேற யாரோடதோ பார்க்கறே," என்றேன். பாவம், அந்தப் பெண் கோப்பைத் திருப்பியே காட்டிவிட்டாள். முதல் கட்டத்தில் பச்சை மையில் ஒரு டிக். கீழே, 'இதற்கு என் முழுச் சம்மதம்' என்ற வரிக்கடியில் என் கையெழுத்து. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி போட்டிருக்கிறேன் போல, கோணல்மாணலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "ஊரான் வீட்டுப் பொம்பளைக்கெல்லாம் சோத்துக்கு வழி சொன்னீங்களே, நான் என்ன பாவம் பண்ணேன்?"

நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்படியே சொன்னார்: "டாக்டர் மூணு வருஷம்னார். மிஞ்சிப்போனா நாலு. உன்கிட்ட சொல்லலை."

"அதனால?"

"அந்தக் கால்வாசியைப் பிடிச்சிருந்தா உன் மருந்துக்குக் காசு இருந்திருக்காது. மருந்து இல்லைன்னா ஆறு மாசம்கூடத் தாங்காதுன்னார். நான் வேற என்ன பண்ணட்டும்? நீதான் முதல்ல போவேன்னு கணக்குப் போட்டேன்."

நான் செத்துவிடுவேன் என்று நம்பி ஒரு டிக் போட்டார். அந்த டிக் கொண்டுவந்த பணத்தில் மருந்து வாங்கினார். அந்த மருந்தில் நான் சாகாமல் இருந்துவிட்டேன். இதில் யாரை அடிப்பது, யாரைக் கும்பிடுவது? அப்போது அவருக்கு எழுபத்தொன்று, எனக்கு அறுபத்தாறு. நாளைக்கே அவருக்கு ஒன்று என்றால் அடுத்த மாதத்திலிருந்து எனக்கு வாடகை இல்லை, மாத்திரை இல்லை. பதினொரு வருடமாக இது தெரிந்தே என் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் இருமினால் நான் நடுங்கினேன். உப்பைக் குறைத்தேன். மாடிப்படி ஏறவிடவில்லை. மழை என்றால் வாசலைத் தாண்டவிடவில்லை. "ஜெயில்ல வெச்ச மாதிரி வெச்சிருக்கே," என்று முனகினார். உள்ளே இருக்கிறவர் அவர் ஒருத்தர் மட்டும்தானா? கோபத்தில் நாலு நாள் மகள் வீட்டில் போய் இருக்கலாம் என்றால்கூட முடியவில்லை. விட்டுவிட்டுப் போன நேரத்தில் இந்த மனுஷன் வழுக்கி விழுந்தால்?

இரண்டு மாதம் பழைய விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒருநாள் காலையில் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"கிடைச்சிருச்சு! ரிட்டயர் ஆன பிறகு கல்யாணம் பண்ணிக்கிட்டா புதுசா கட்டம் மாத்தலாம். எனக்கு அப்புறம் புது மனைவிக்குப் பாதி பென்ஷன் உண்டு. கால்வாசி பிடிச்சாலும், இத்தனை வருஷத்துல பென்ஷன் ஏறியிருக்கு, மருந்துக்குக் குறையாது. கல்யாணம் ஆகி ஒரு வருஷம் நான் உயிரோட இருந்தா போதும்."

"யாரைக் கட்டிக்கப் போறீங்களாம்?"

"உன்னைத்தான். முதல்ல விவாகரத்து, அப்புறம் கல்யாணம். அதே பொம்பளையைத் திரும்பக் கட்டக் கூடாதுன்னு எங்கேயும் எழுதலை. நான் மூணு தடவை பார்த்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்தது. நாற்பத்து நான்கு வருடம் குடித்தனம் நடத்திவிட்டு, கட்டம் மாற்றுவதற்காக விவாகரத்து! ஊரே கைகொட்டிச் சிரிக்கும். ஆனால் வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று ராத்திரி பகலாக யோசித்தேன். ஒன்றும் புலப்படவில்லை.

வக்கீல் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். விவாகரத்துக் கேட்பவர்கள் ஒரு வருடமாவது வெவ்வேறு வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டுமாம். விவாகரத்துக்கும் மறு கல்யாணத்துக்கும் நடுவில் அவருக்கு ஏதாவது ஆனால், நான் அவருடைய விதவைகூடக் கிடையாது. ஏற்கெனவே ஒரு தடவை என்னைக் கணக்கிலிருந்து கழித்த மனுஷன். அவர் பேச்சை நம்பி இந்தக் கிணற்றில் இறங்க வேண்டும்.

இறங்கினேன். மகள் வீட்டு ஹாலில் ஒரு சோபா எனக்கு ஒதுக்கப்பட்டது. மருமகன் நல்ல பிள்ளை, ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் நான் உட்கார்ந்திருந்தால் டிவியின் சத்தத்தைக் குறைப்பார், செருப்பை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு பூனை மாதிரி நடப்பார். அந்த மரியாதையே என்னை நெருக்கியது. குளிர்சாதனப் பெட்டியில் என் மருந்துக்கு ஒரு மூலை. துணிப் பெட்டியிலிருந்து எடுத்த புடவையை மடித்துத் திரும்ப அதிலேயே வைத்தேன். ஒரு வருடம் அப்படித்தான் போனது.

தினமும் காலை ஏழு மணிக்கு அவருக்குப் போன் செய்வேன்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"மாத்திரை?"

"போட்டுட்டேன்."

வைத்துவிடுவேன். ஒருநாள் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நான் முதலில் நினைத்தது அவரை இல்லை. 'ஐயோ, இன்னும் கல்யாணம் ஆகலையே' என்றுதான் நினைத்தேன். அப்புறம் எடுத்து, குளித்துக்கொண்டிருந்தேன் என்றார். அன்று முழுக்க என் முகத்தை நானே கண்ணாடியில் பார்க்கவில்லை. எப்படி இருந்தவள் எப்படி ஆகிவிட்டேன்!

கோர்ட்டில் நீதிபதி அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ஒத்துப்போகவில்லை என்று மட்டும் சொன்னால் போதும் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"இந்த வயசுல என்னம்மா காரணம்?"

வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது. "நான் செத்துடுவேன்னு கணக்குப் போட்டு கையெழுத்து வாங்கினாருங்க. பதினொரு வருஷம் மூச்சு விடலை. நான் இருக்கறது இவருக்குக் கணக்குல வந்த பிழைங்க." குமாஸ்தா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நீதிபதி அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. விவாகரத்துக் கிடைத்துவிட்டது.

வெளியே பெஞ்சில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பிரமாதமா சொன்னே போ. அந்தம்மா அப்படியே நம்பிட்டாங்க," என்றார்.

"நான் நடிக்கலைங்க."

அவர் முகம் செத்துப்போனது. பிறகு, மறு கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் மனுக் கொடுக்க வேண்டும், கொடுக்கட்டுமா என்று கேட்டார். எப்போதும் 'கொடுத்துட்டேன்' என்று சொல்கிறவர்.

அன்று சாயங்காலம் மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உனக்குப் பிடிக்கலைன்னா போகாதேம்மா. நாங்க இல்லையா?" சொன்னவள் மனசார நினைத்துத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, அறியாமல் அந்தச் சோபாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மனுக் கொடுக்கச் சொல்லி அவருக்குப் போன் செய்தேன்.

பதிவு அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் மூன்று இளம் ஜோடிகள். மகளும் மருமகனும் சாட்சி. அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, இளைத்துப்போய், கழுத்துப் பட்டனுக்குள் நாலு விரல் போகிற மாதிரி நின்றார். ஒரு வருடம் தாங்குவாரா என்று என் கண் தானாக அளந்தது. அப்படி அளந்ததற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

பதிவாளர் சின்ன வயசுக்காரர். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டார்.

"நீங்க விருப்பப்பட்டுத்தான் வந்திருக்கீங்களா அம்மா? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

முதல் கல்யாணத்தில் இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிஷமே தலையாட்டியிருப்பேன். மனசுக்குப் பிடித்துத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன். இப்போது கேட்கிறார்கள். இவர் என்னைப் பார்த்தபடி நிற்கிறார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமல் இவர் நின்றது வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கட்டும் என்று பேசாமல் இருந்தேன். மகள் என் முழங்கையைத் தொட்டாள்.

"அம்மா, பதில் சொல்லணும்," என்றார் பதிவாளர்.

"இல்லைங்க," என்றேன். "யாரும் கட்டாயப்படுத்தலை."

பதிவாளர் அதை எழுதிக்கொண்டார்.